சாய்தளம் கட்டினோம், சிறுமி வரவில்லை: கிழக்கு உகாண்டாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

உகாண்டாவின் கிழக்கில், எல்கான் மலைச்சரிவில் உள்ள ஒரு கிராமத்துச் சிறுமி தொடக்கப் பள்ளியில் சேர்ந்ததையும் நின்றதையும் மீண்டும் சேர்ந்ததையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. 2022 மே மாதம் தொடங்கி 2024 இறுதி வரையிலான காலம் இதில் அடங்கும். சமூக அடிப்படையிலான மறுவாழ்வுக் குழு ஒன்றில் இயன்முறை மருத்துவராக நான் அங்கே பணியாற்றினேன். மற்ற மூவரும் அந்த வட்டாரத்தவர்கள், லுமசாபா மொழி பேசுபவர்கள். எழுதுவதற்குத் தாயும் சிறுமியும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஊர், பள்ளி, ஆட்கள் எவருடைய பெயரும் இங்கே இடம்பெறாது.

பின்னணி

அந்தச் சரிவுகளில் பகிசு மக்கள் அராபிக்கா காப்பியும் வாழையும் பயிரிடுகிறார்கள். வீடுகள் செங்குத்தான செம்மண் பாதைகளின் ஓரத்தில் அமைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் நடக்கப் பழகியவர்களே வழுக்கி விழுவார்கள்.

சிறுமி முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்தவள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே முதுகெலும்பு முழுவதும் மூடாமல் போவதால், அந்த இடத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் சரிவர இயங்காத நிலை இது. கால்களில் வலுவும் உணர்வும் குறைந்திருக்கும். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் கட்டுப்பாடும் பெரும்பாலும் இருக்காது. இத்தகைய குழந்தைகள் பலருக்கு மூளையில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. இவளுக்கும் அது இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது, மபாலே நகரில் உள்ள குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவை மருத்துவமனையில் முதுகையும் மூடி, மூளை நீருக்கும் சிகிச்சை செய்தார்கள். தலைக்குள் குழாய் பொருத்தினால் அது அடைத்துக்கொள்ளும்போது உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். மலைக்கிராமத்துக் குடும்பங்களுக்கு அது எளிதன்று. அதனால் குழாய் இல்லாமல், உள்நோக்குக் கருவியின் வழியாக மூளை நீருக்கு வேறு பாதை திறந்துவிட்டு, நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் முறையை அந்த மருத்துவமனையில்தான் 2000-களில் உருவாக்கினார்கள். முன்பு பிழைத்திருக்க முடியாத குழந்தைகள் இதனால் பள்ளி வயதை எட்டினார்கள். ஆனால் அவர்களை ஏற்கும் வகையில் பள்ளிகள் ஆயத்தமாகியிருக்கவில்லை.

2020 பிப்ரவரியில், ஏழு வயதில், அவளை முதல் வகுப்பில் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள். அடுத்த மாதமே கொரோனாவால் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தன. உலகிலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் அதுவும் ஒன்று. "உன் மகள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று எங்களை யாரும் கேட்காத இரண்டு வருடம் அது" என்று தாய் எங்களிடம் சொன்னார். அந்தச் சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மற்ற குழந்தைகள் இழந்த காலமாகவே அந்த இரண்டு ஆண்டுகளும் பேசப்பட்டன. இந்தத் தாய்க்கோ தலைநிமிர்ந்து இருந்த காலமாக அவை இருந்திருக்கின்றன.

சட்டம் சொன்னதும் ஊர் அறிந்ததும்

உகாண்டாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1995-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு உடற்குறையின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதிகளுக்கு இடங்கள் உள்ளன. மாவட்டத்திலும் அதற்குக் கீழுள்ள உள்ளாட்சி மன்றங்களிலும் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் இருக்கவேண்டும் என்பது 1997 முதல் சட்டம். அதே ஆண்டு தொடங்கிய இலவசத் தொடக்கக் கல்வித் திட்டத்தில், குடும்பத்துக்கு நான்கு குழந்தைகள் என்று வரம்பு வைத்தபோதே, மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2008-இல் நாடு ஏற்றது. 2020-இல் புதிய சட்டமும் வந்தது.

இவற்றில் ஒன்றேனும் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது என்றால், மன்றத்தில் ஒரு மாற்றுத்திறனாளிப் பெண் உறுப்பினர் இருக்கிறார் என்பது மட்டுமே. அவரிடம் ஏதேனும் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

முதல் வருகையில் கண்டவை

கிராம நலக்குழுத் தொண்டர் ஒருவர் சொல்லித்தான் 2022 மே மாதம் அந்த வீட்டுக்குப் போனோம். சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. டயர் ரப்பரில் வெட்டிய துண்டுகளை முழங்காலில் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி முற்றத்தில் வேகமாக நகர்ந்தாள். முழங்காலுக்குக் கீழே ஆறாத புண் ஒன்று இருந்தது. உணர்வு இல்லாததால் அது அவளுக்கு வலிக்கவில்லை.

வீட்டின் மூலையில், மடித்த நிலையில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. அதன்மேல் பீன்ஸ் மூட்டை வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ நன்கொடையாக வந்தது. பெரியவர்களின் அளவு, முன்சக்கரங்கள் மிகச் சிறியவை. மருத்துவமனைத் தளத்தில் உருளும், அந்த மண்ணில் புதையும். பயனாளரை அளந்து, பொருத்தி, பயிற்சி கொடுத்து, பழுது பார்க்கவும் வழிசெய்த பிறகே நாற்காலி தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இலேயே வழிகாட்டியிருக்கிறது. இந்த நாற்காலியைக் கொடுத்தவர்கள் சிறுமியை ஒருமுறைகூட உட்காரவைத்துப் பார்த்ததில்லை.

தாய் நாளொன்றுக்கு ஆறேழு துணிகள் துவைத்தார். தண்ணீர் கீழே உள்ள ஊற்றிலிருந்து இருபது லிட்டர் ஜெரிகேனில் தலைச்சுமையாக வரவேண்டும். தேவாலயத்துக்குப் போகவேண்டுமென்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே சிறுமிக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடுவார். ஆண்டுக்குப் பலமுறை காய்ச்சல் வந்ததாகவும், ஒவ்வொரு முறையும் மலேரியா மாத்திரை கொடுத்ததாகவும் சொன்னார். இவற்றையெல்லாம் அன்றைக்கே என் குறிப்பேட்டில் எழுதினேன். ஆனால் அவை எதைக் காட்டுகின்றன என்பதை அன்று நான் உணரவில்லை.

தந்தையின் தாயார், இந்தக் குறை மருமகளின் குலத்தின் வழியாக வந்தது என்று நம்பினார். அதே பாட்டிதான் நாள்தோறும் பேத்தியை முதுகில் சுமந்து அண்டை வீடுகளுக்குக் கூட்டிப்போனார். ஆப்பிரிக்காவில் மாற்றுத்திறன் பற்றிப் பேசும்போது சாபம், சூனியம் என்னும் நம்பிக்கைகளையே முதலில் எடுத்து வைப்பது வெளியிலிருந்து வருபவர்களின் வழக்கம். அந்த நம்பிக்கைகள் கேடு செய்வது உண்மை. ஆப்பிரிக்க ஒன்றியம் 2018-இல் ஏற்று 2024-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் நெறிமுறையும், குழந்தைகளை மறைத்து வைப்பதையும் சூனியப் பழி சுமத்துவதையும் தீய வழக்கங்களாகப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. ஆயினும் இந்த வீட்டில் யாரும் சிறுமியை மறைக்கவில்லை. அவள் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் அந்த நம்பிக்கை அன்று.

முதல் முடிவு

கால் நடக்காத குழந்தை, சரிவான ஊர், படிகள் உள்ள வகுப்பறை. ஆகவே நாற்காலியும் சாய்தளமும் வேண்டும் என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியர் மனமுவந்து ஒப்புக்கொண்டார். மூன்று பெரிய சக்கரங்கள் கொண்ட, கரடுமுரடான நிலத்துக்கு ஏற்ற நாற்காலியை அவள் அளவுக்குப் பொருத்தினோம். உணர்வில்லாத தோலில் அழுத்தப்புண் வராமல் இருக்கத் தடித்த இருக்கைப் பஞ்சும் வைத்தோம். பெற்றோர்கள் கல்லும் மணலும் கொண்டுவந்தார்கள். சிமென்டு எங்கள் பொறுப்பு.

வேலை தாமதமானது. பகிசு மக்களிடையே ஆண்பிள்ளைகளுக்கான இம்பாலு என்னும் விருத்தசேதனச் சடங்கு இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்டில் தொடங்கும். 2022 அத்தகைய ஆண்டு. ஊரின் ஆண்கள் எல்லாரும் அதில் ஈடுபட்டிருந்ததால் சாய்தளம் மாத இறுதியில்தான் முடிந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில், கைப்பிடியுடன் நன்றாகவே அமைந்தது. பள்ளிப் பருவம் தொடங்குவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில், வகுப்பறை வாசலைத் தாண்டி அவள் நாளில் வேறு எங்கெங்கே போகவேண்டியிருக்கும் என்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பதினொரு நாட்கள்

செப்டம்பரில் மூன்றாம் பருவம் தொடங்கிய நாளில் சிறுமி பள்ளிக்கு வந்தாள். ஆசிரியர்கள் கைதட்டி வரவேற்றார்கள். பதினொரு நாட்கள் வந்தாள். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. நாங்கள் வேறொரு வட்டாரத்தில் இருந்ததால் மூன்று வாரம் கழித்தே அது எங்களுக்குத் தெரியவந்தது.

ஆசிரியரிடம் பேசினோம். தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள வகுப்பு அது. வாடை வருகிறது என்று பிள்ளைகள் விலகி உட்கார்ந்தார்கள். காற்று வரட்டும் என்று ஆசிரியர் அவளை வாசலருகே வைத்தார். கொடுமை செய்யும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. அவளுக்கும் மற்றவர்களுக்கும் நல்லது என்று நினைத்தே செய்தார். வாசலில் உட்கார்ந்த சிறுமிக்குக் கரும்பலகை பக்கவாட்டில்தான் தெரிந்தது.

கழிப்பறை, பள்ளிக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் அறுபது மீட்டரில் இருந்தது. குழிக் கழிப்பறை, நாற்காலி நுழையாத வாசல், ஈரமான தரையில் கையூன்றித்தான் உள்ளே போகவேண்டும். தண்ணீர் இல்லை, கதவில் தாழ்ப்பாள் இல்லை.

சிறுமியிடம் கேட்டது

ஐந்து மாதங்களாக அந்தக் குடும்பத்துடன் பழகியிருந்தும், பள்ளியில் உனக்கு என்ன வேண்டும் என்று சிறுமியிடம் நேரடியாக ஒருமுறையும் கேட்டிருக்கவில்லை. அக்டோபரில் எங்கள் குழுவின் இளம்பெண் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, கதவு உள்ளேயிருந்து பூட்டும்படி இருக்கவேண்டும் என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை, எங்களுக்கும் வேறெதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் முடிவு: உடலைப் பற்றியது

அறுவை செய்த மருத்துவமனையின் தொடர்சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். காய்ச்சல்களில் பலவும் சிறுநீர்த் தொற்றாக இருந்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். நரம்புக் கட்டுப்பாடு இல்லாத சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாது. தேங்கிய நீர் கிருமியை வளர்க்கும். அழுத்தம் கூடினால் மேலேறிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். தண்ணீரைக் குறைத்த தாயின் அன்பும் தெரியாமல் அந்தத் தீங்கோடு சேர்ந்துகொண்டிருந்தது.

இதற்கான வழி பழையது, எளியது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டர் குழாயைச் செலுத்தி நீரை வெளியேற்றி, குழாயை உடனே எடுத்துவிடுவது. முற்றிலும் கிருமி நீக்கிய குழாய் இல்லாவிட்டாலும், கைகழுவி, சோப்பால் கழுவிய சுத்தமான குழாயைப் பயன்படுத்தினாலே போதும் என்பது 1970-களிலிருந்து அறியப்பட்ட செய்தி. கிராமங்களில் இது சாத்தியமாவதற்கு அதுவே காரணம். முதுகுத்தண்டுப் பிளவுள்ளவர்களுக்கு ரப்பர் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் லேடக்ஸ் இல்லாத குழாய்களையே கேட்டு வாங்கினோம். மலத்துக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் வீட்டிலேயே குடலைக் கழுவுவது என்று முடிவானது.

குழுவுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒன்பது வயதுப் பெண் பள்ளியில் தானே இதைச் செய்வது பாதுகாப்பா என்று ஒருவர் கேட்டார். ஆசிரியை உதவலாமே என்றார் இன்னொருவர். தவறான நோக்கமுள்ளவர்களுக்கு அது வழிதிறக்கும் என்று நான் அஞ்சினேன். இறுதியில், பள்ளியில் அவள் உடலை வேறு எவரும் தொடக்கூடாது, நேரத்தை நினைவூட்டுவதும் தண்ணீர் இருப்பதை உறுதிசெய்வதும் மட்டுமே பெரியவர்களின் வேலை என்று வகுத்தோம். இந்த ஒரு விதியை நாங்கள் சரியாகச் செய்தோம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

தாய் ஒரு வாரத்தில் கற்றார். சிறுமி ஒரு சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு பழகினாள். முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். எபோலா பரவலால் 2022 நவம்பர் இறுதியிலேயே பள்ளிகள் மூடப்பட்டதும் அவசரத்தைக் குறைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன் கண்ணாடி இல்லாமலே செய்தாள். ஒரு நாளுக்கான துணி ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இப்போது தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று சொன்னபோது, பாட்டி ஒரு குவளை நிறைய ஊற்றிக் கொடுத்து அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்

2023 ஜனவரியில், அகன்ற வாசலும் உட்காரும் மேடையும் கைப்பிடியும் உள்ள ஒரு அறையை வகுப்பறைகளுக்கு அருகில் கட்டவேண்டும் என்று கேட்டோம். அப்போது ஒரு தந்தை எழுந்தார். மேல்வகுப்பில் பெரியவளான பெண்கள் மாதத்தில் சில நாட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், கழுவிக்கொள்ள இடமில்லை, அவர்களுக்குக் கட்டாத அறையை ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கட்டுவது என்று கேட்டார். அறையில் பலர் தலையசைத்தார்கள். எங்கள் ஊழியர் ஒருவர் உரிமைச் சட்டத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். அது எடுபடவில்லை, அது அந்தக் கேள்விக்கான விடையும் அன்று.

விடை சொன்னவர் மன்றத்தின் மாற்றுத்திறனாளிப் பெண் உறுப்பினர். இளம்பிள்ளைவாதத்தால் ஊன்றுகோலுடன் நடப்பவர். அந்தத் தந்தை சொல்வது சரி என்றே அவர் தொடங்கினார். பிறகு, தாம் படித்த காலத்தில் கழிப்பறைத் தரையில் கையூன்றிப் போய்வந்து, அதே கையால் மதியக் கஞ்சி குடித்ததைச் சொன்னார். அறை இருவருக்குமாக இருக்கட்டும் என்று முடித்தார். ஒவ்வொரு பள்ளியிலும் பெண்பிள்ளைகளின் நலனுக்குப் பொறுப்பான மூத்த ஆசிரியை ஒருவர் உண்டு. சாவி அவரிடமும் சிறுமியிடமும் இருப்பது என்று முடிவானது. தாழ்ப்பாள் உள்ளே. கேள்வி கேட்ட தந்தை கொத்தனார். தரைத்தளத்தைக் கூலியில்லாமல் பூசித் தந்தார்.

தொடர்ந்து நடந்தவை

2023 பிப்ரவரியில் சிறுமி மீண்டும் முதல் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வந்தது: இடைவேளை மணி அடித்ததும் அறையின் முன் பெண்கள் வரிசையில் நின்றார்கள், அவள் முறை வருவதற்குள் இடைவேளை முடிந்தது. மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே அவள் கிளம்பலாம் என்று மூத்த ஆசிரியை ஏற்பாடு செய்தார். வகுப்பாசிரியர் அவளை இரண்டாவது வரிசைக்கு மாற்றினார்.

இரண்டாம் பருவத்தில் கதீட்டர் வரத்து தடைப்பட்டது. மூன்று வாரம் பழையபடி துணியும் வீட்டிருப்பும்தான். அந்தப் பொறுப்பு எங்களுடையது. கையிருப்பு ஒரு பருவத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று அதன்பின் விதித்துக்கொண்டோம். நாற்காலியின் டயர் பஞ்சரானபோது ஊரின் மிதிவண்டி பழுதுபார்ப்பவரே ஒட்டித் தந்தார். அந்த வகை நாற்காலியைத் தேர்ந்ததன் பயன் அப்போது தெரிந்தது.

இன்னொன்றைத் தாமதமாகவே கவனித்தோம். நாற்காலியைத் தள்ளும் வேலையை ஆசிரியர்கள் ஒரு வகுப்புத் தோழியிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு பருவம் முழுவதும் விளையாடவில்லை. இருவரின் நட்பும் கசக்கத் தொடங்கியது. தள்ளுவதை முறை வைத்து மாற்றியதோடு, சமதரையில் அவளே உருட்டிக்கொள்ளவும் பழக்கினோம். அதன்பின் அந்த இருவரும் தாங்களாகவே மீண்டும் சேர்ந்துகொண்டார்கள்.

மழை பெய்யும் நாட்களில் அவள் இன்றும் வருவதில்லை. போடா-போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்களும் அந்தச் சரிவில் ஏற மறுக்கின்றன. இதற்கு எங்களிடம் தீர்வு இல்லை.

2024-இல், பக்கத்து மலையிலிருந்து ஒரு தாய் சந்தை நாளில் இந்தத் தாயைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்கு நான்கு வயது. மூளை வாதத்தால் கழுத்தே நிற்கவில்லை. இரு பெண்களும் நெடுநேரம் பேசினார்கள். பையனுக்குத் தேவையான பயிற்சியைத் தொடங்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் அவன் இடுப்பு மூட்டு விலகியிருந்தது.

மாற்றிச் செய்யவேண்டியவை

மறுபடி தொடங்கினால் நாற்காலியை அளப்பதற்கு முன், குழந்தையின் ஒரு முழு நாளை விடியல் முதல் இரவு வரை கூடவே இருந்து பார்ப்பேன். எத்தனை முறை துணி மாற்றுகிறார்கள், எப்போது தண்ணீர் குடிக்கிறாள், எங்கே போகத் தயங்குகிறாள் என்பவை அங்கே தெரிந்துவிடும். அவளிடம் கேட்பதை முதல் வாரத்திலேயே செய்வேன். அதுவும், அவள் மொழி பேசும் ஒரு பெண் தனிமையில் கேட்கும்படி.

மன்ற உறுப்பினரை நாங்கள் கூட்டத்துக்கு விருந்தினராக அழைத்தோம். திட்டமிடும்போதே அவரை அழைத்திருந்தால் செப்டம்பரின் பதினொரு நாட்களுக்கு அவசியமே இருந்திருக்காது. கழிப்பறையைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை.

சேர்ந்த பிறகான முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையேனும் பள்ளிக்குப் போவதும் கட்டாயம். வரவேற்பு நாளின் கைதட்டலைக் கேட்டுவிட்டுத் திரும்பியதுதான் எங்கள் பெரும் பிழை.

2024 இறுதியில் நிலை

2024 டிசம்பரில் சிறுமி இரண்டாம் வகுப்பை முடித்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண், வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள். சிறுநீர்த் தொற்று அந்த ஆண்டு ஒருமுறைதான் வந்தது. அடுத்த பிப்ரவரியில் அவள் போகவேண்டிய மூன்றாம் வகுப்பு, மைதானத்தின் மறுபுறக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே வாசலில் மூன்று படிகள் உள்ளன. பூட்டும் அறைக்கோ தூரம் இரண்டு மடங்கு. தலைமையாசிரியர் அந்த வகுப்பை இந்தப் பக்கமே நடத்துவதா, அங்கே சாய்தளம் கட்டுவதா என்று கேட்டபோது, மூத்த ஆசிரியை சிறுமியை நாற்காலியுடன் இரு கட்டடங்களுக்கும் கூட்டிப்போனார். அவள் இரண்டு இடத்திலிருந்தும் அறைவரை உருட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பு இந்தப் பக்கமே இருக்கட்டும் என்றாள்.